நிதானக்காரர்

என் மாமா சங்கிலிமுத்துவை ஓடவைக்க விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியே முயன்று பார்த்தது. முடியவில்லை.

ரோட்டில் ஓடும் ஓட்டம் இல்லை அது. நின்ற இடத்திலேயே ஓட வைக்கும் மிசின். காலுக்கடியில் கறுப்பு ரப்பர் பெல்ட் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு ஈடுகொடுத்து ஆள் முன்னால் நடக்க வேண்டும். நெஞ்சில் வட்ட வட்டமாக எதையோ ஒட்டி வயர் மாட்டியிருப்பார்கள். பெல்ட் வேகமாகப் போகப் போக இதயம் படும் பாடு பக்கத்துத் திரையில் கோடாக வரும். நான் சிவகாசியில் காலண்டர் அடிக்கும் பிரஸ் ஒன்றில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவன். தாளை இழுத்துக்கொண்டு போகும் பெல்ட் எனக்குப் பழக்கம். ஆளை இழுத்துக்கொண்டு போகும் பெல்ட்டை அன்றுதான் பார்த்தேன். பகலில் தூங்குகிறவனை எங்கள் ஊரில் சும்மா இருக்கிறவன் என்பார்கள். அதனால் யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் கூடப் போவது நான்தான்.

மிசினைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு ரோஜா என்று பெயர். மல்லாங்கிணறுக்காரி. ஆளை மிரட்டி வேலை வாங்கத் தெரிந்தவள்.

"அண்ணே, வேகத்தக் கூட்டப்போறேன். கூடவே ஓடியாரணும்."

"நடக்கேன்மா."

"நடந்தா பத்தாது. ஓடுங்க."

மாமா நடந்தார். உள்ளங்கால் முழுவதையும் தூக்கி, முழுவதையும் ஒரே நேரத்தில் பதித்து, பாத்திரத்தில் தண்ணீர் ததும்பக் கொண்டுபோகிறவர் மாதிரி நடந்தார். பெல்ட் அவரைப் பின்னுக்குத் தள்ளியது. இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்து, கால்களை அகட்டி ஓரத்துத் தகட்டில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கீழே பெல்ட் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

"அணைச்சிரும்மா. வீணா ஓடுது," என்றார்.

ரோஜா அணைத்தாள். "எதுக்கு நின்னுட்டீக? நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா. ஓடக் கூடாதுல்லா."

"யாரு சொன்னா? இங்கன ஓடத்தான் வந்திருக்கீக."

கதவோரம் நின்ற இருளம்மாள் அத்தையை மாமா கையால் காட்டினார். "நான் ஓடுனா அவ ஓடுவா."

அத்தை தலையை ஆட்டினாள். "ஆமா, நானும் ஓடிருவேன்."

ரோஜாவுக்கு விளங்கவில்லை. மாமாவும் அத்தையும் வேலை பார்ப்பது பட்டாசுக் கம்பெனியில். அதற்குள் ஒருவன் ஓடினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். எங்கே, எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். எல்லாரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவன் பின்னால் ஓடுவார்கள். அதனால் ஒருவனும் ஓடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைச் சொல்லிவிடுவார்கள். செருப்புக் கூடாது, காலைத் தேய்க்கக் கூடாது, எதையும் இழுக்கக் கூடாது, எதையும் தொப்பென்று வைக்கக் கூடாது. கீழே சிந்திக் கிடக்கும் மருந்துத் தூள்மேல் கால் உரசினால் போதும். இருபது வயதில் இதைப் படித்தவர் மாமா. இப்போது ஐம்பதை நெருங்குகிறார். பொட்டுப்பொட்டாக வெள்ளிப் பொடி படிந்த அந்தக் கையும் காலும் வேறு மாதிரி அசைந்து நான் பார்த்ததில்லை.

அந்த ஆவணியில் சீசன் ஆர்டர் மும்முரமாக இருந்தபோதுதான் இது தொடங்கியது. மாமாவுக்கு வெடிமருந்து கலக்கும் வேலை. வெயில் ஏறுவதற்குள் கலந்து முடித்துவிட வேண்டும். ஒரு ரூமில் இரண்டே பேர், அவரும் முனியராஜும். ஒரு நாள் காலை சல்லடையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் முகம் வெளுத்து வேர்த்திருக்கிறது. சல்லடையை ஓசை வராமல் இறக்கி வைத்துவிட்டு, வெளியே வந்து வேப்பமரத்தடியில் படுத்துவிட்டார். விழவில்லை, படுத்தார் என்று முனியராஜ் திரும்பத் திரும்பச் சொன்னான். அதில் அவனுக்கு ஒரு பெருமை.

எல்லாரும் வாயு என்றார்கள். போர்மேன் காளிராஜ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மாமாவும் அவரும் ஒரே வருசம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். காளிராஜுக்கு வயிறு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். வீட்டுக்கே வந்து சொன்னார்.

"சங்கிலி, நீ மருந்து ரூம்ல மயங்கி விளுந்தா நீ மட்டும் போக மாட்ட. முனியராசும் போவான். அவனுக்குக் கல்யாணமாகி ஆறு மாசம் ஆகல. நெஞ்சுல ஒண்ணுமில்லன்னு டாக்டர் வாயால சொல்லட்டும். அன்னைக்கே உள்ள விடுதேன்."

மாமாவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மருந்து ரூமுக்குத் திரும்பிப் போக வேண்டும். வேறு ரூமில் உட்கார்ந்து தாள் ஒட்டச் சொன்னால் அவருக்கு அது உயிரோடு ஓய்வு கொடுத்த மாதிரி. மருந்து கலக்குகிறவன் என்றால் கம்பெனியில் தனி மரியாதை.

கம்பெனிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அந்த வாரமே இலவச இதய முகாம் நடந்தது. படுக்கவைத்து எடுத்த ஈசிஜியில் ஒன்றுமில்லை. மிசினில் ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று விருதுநகருக்கு அனுப்பினார்கள். அந்த முகாமில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. படிப்பு முடிக்காத டாக்டர் பிள்ளைகள் மேசை போட்டு வரிசையாகக் கேள்வி கேட்டார்கள். உடல் உழைப்பு உண்டா என்று ஒரு கேள்வி.

"உளைப்புதான பொளப்பே," என்றாள் அத்தை.

"கடினமா, மிதமா?"

"ராத்திரி முதுகு ஒடைஞ்சு போகுது. அது கடினமில்லாம என்ன?"

அந்தப் பிள்ளை கடினம் என்று குறித்துக்கொண்டது. அடுத்து வந்தவளுக்கும் கடினம். அதற்கடுத்தவனுக்கும் கடினம். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை காலையில் வாசலில் நின்று வேன் ஏறுகிறாள். கம்பெனியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பட்டாசுச் சக்கரம் சுற்றுகிறாள். சோற்றுக்குக்கூட எழுந்திருப்பதில்லை, அங்கேயே திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சாயந்திரம் வேன் வாசலில் இறக்கிவிடுகிறது. இது பொய் இல்லை. முதுகு உண்மையாகவே ஒடிகிறது. உயிரும் கையில்தான் இருக்கிறது. ஆனால் உயிருக்கு ஆபத்தான வேலையும் உடம்பு அசைகிற வேலையும் ஒன்றா? எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. கேட்ட டாக்டர் பிள்ளைகளும் பிரிக்கவில்லை. ஆபத்தில் வேலை பார்க்கிறவர்களைப் பார்த்து நீங்கள் அசைவதே இல்லையே என்று எந்த வாயால் கேட்பது?

இரண்டாவது தடவையும் மாமா ஓடவில்லை. அந்தத் தடவை டாக்டர் நவநீதகிருஷ்ணனே வந்து நின்றார். விருதுநகர்க்காரர், பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பம். பேச்சில் இன்னும் கடைக்காரரின் பொறுமை இருந்தது.

"பாருங்க சங்கிலிமுத்து. உங்க இதயம் நான் கேக்குற வேகத்துக்கு வரவே இல்ல. வந்தாத்தான் நல்லா இருக்கா இல்லையான்னு சொல்ல முடியும். இப்ப நான் நல்லதும் சொல்ல முடியாது, கெட்டதும் சொல்ல முடியாது."

"நல்லதுன்னே சொல்லிருங்க சார்," என்றார் மாமா.

ரோஜா சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள்.

"பார்க்காம எப்படிச் சொல்ல? உங்க கம்பெனில சோதிக்காத பட்டாசை லோடு ஏத்துவீங்களா?"

மாமா யோசித்தார். "சோதிச்சதை ஏத்த முடியாது சார். அது வெடிச்சிருக்கும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அடுத்த வாரம் வரச் சொன்னார்.

பஸ்ஸில் மாமா தூங்கிவிட்டார். நான் அத்தையிடம் மெதுவாக ஆரம்பித்தேன். எனக்கு ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. கம்பெனிக்குள் ஓடக் கூடாது, சரி. கம்பெனிக்கு வெளியே?

"மாமா எப்பவுமே இப்படித்தானா அத்தை?"

"எப்படி?"

"இம்புட்டு மெதுவா."

"ஒங்க மாமாவா? பொண்ணு பாக்க வந்தன்னைக்கு பஸ்ஸு போயிரும்னு காப்பிய வாயில ஊத்திட்டு ஓடுன மனுசன். எங்கப்பா இவன் ஓடிப்போயிருவான்னே நெனச்சிட்டாரு."

"அப்புறம் எப்பக் கொறஞ்சது?"

அத்தை சன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவளும் இதை யோசித்ததில்லை என்று தெரிந்தது. "வேன் வந்தப்பெறகு இருக்கும். அதுக்கு முந்தி எல்லாரும் கண்மாக்கரை ஏறி நடந்துதான கம்பெனிக்குப் போவோம். வாசலுக்கே வேன் வரவும் மனுசன் மெதுவா ஆயிட்டாரு. எல்லாருந்தான் ஆயிட்டோம். என்னையப் பாரு, ரவுக்கையெல்லாம் பத்தாமப் போச்சு."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போனோம்லா. ஆத்து மணல்ல மத்தியானம் காலு வைக்க முடியாது. எல்லாரும் குதிச்சுக் குதிச்சு ஓடுவோம். முந்தியெல்லாம் ஒங்க மாமாதான் முதல்ல ஓடி நெழலுக்குப் போயி எங்களைப் பாத்துச் சிரிப்பாரு. போன வருசமே பிந்தித்தான் வந்தாரு, இந்த வருசம் ஓடவே இல்ல. சுடுமணல்ல நிதானமா நடந்து வந்தாரு. காலு ரெண்டும் பொத்துப் போச்சு. பாத்தவங்க கையெடுத்துக் கும்பிட்டாக. நானும் ஏதோ வேண்டுதல்னு நெனச்சேன். எதுக்கு வேண்டுனீகன்னு கேட்டேன். சொல்லல."

"வேண்டுதலச் சொல்லக் கூடாதுல்லா அத்தை."

"அதான் நானும் விட்டுட்டேன்."

நான் திரும்பி மாமாவைப் பார்த்தேன். வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். சுடுமணலில் ஒருவன் ஓடாமல் இருக்க என்ன காரணம் இருக்க முடியும்? பக்தி ஒரு காரணம். கம்பெனிப் பழக்கம் காரணமாக இருக்க முடியாது. உள்ளங்கால் சுடும்போது எந்தப் பழக்கமும் நிற்காது. மூன்றாவதாக ஒன்று இருக்க வேண்டும்.

மறுநாள் சாயந்திரம் ஷிப்டுக்குப் போகும் முன் மாமாவை டீ குடிக்கக் கூப்பிட்டேன். டீக்கடை கண்மாய்க்கரைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கமிருந்து கரை ஏறி இறங்க வேண்டும். பெரிய மேடு ஒன்றும் இல்லை. ஆட்டுக்குட்டி துள்ளி ஏறும். மாமா என்னோடு பேசிக்கொண்டே வந்தார். முனியராஜ் தனியாக மருந்து கலக்குவதில் அவருக்குக் கவலை. பையன் அவசரக்காரன், சல்லடையை ஒரு பக்கமாகத் தட்டுகிறான் என்றார். மேட்டில் பாதி ஏறியதும் பேச்சு நின்றது. அவரும் நின்றார். கண்மாய்ப் பக்கம் திரும்பி இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன மாமா?"

"கண்மாய்ல தண்ணி எம்புட்டு கெடக்குன்னு பாக்கேன்."

நானும் பார்த்தேன். கண்மாயில் சீமைக்கருவேலம்தான் கிடந்தது. போன கார்த்திகையில் கொஞ்சம் தேங்கியது, தை மாதமே வற்றிவிட்டது. மாமா ரொம்ப நேரம் அக்கறையாகப் பார்த்தார். பிறகு ஏறினார்.

டீக்கடைக்காரர் சீனிவாசகம் அவரைப் பார்த்ததும், "வாங்க நிதானம்," என்றார். அதுதான் மாமாவின் பட்டப்பெயர். கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களைக் காளிராஜ் மருந்து ரூம் பக்கம் கூட்டிப்போய்க் காட்டுவாராம். சங்கிலிமுத்து எப்படி எழுந்திருக்கார் பாருங்க, எப்படி நடக்கார் பாருங்க, அவசரமே கெடையாது, அதான் அவரு கை வெரலு பத்தும் அப்படியே இருக்கு. வருசத்துக்கு வருசம் மாமா இன்னும் மெதுவானார். வருசத்துக்கு வருசம் பாராட்டும் கூடியது. தீபாவளிக்கு முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சி கையால் வேட்டி வாங்கியவர். நிதானத்துக்கு.

டீயைக் குடிக்கும்போது எனக்குக் கணக்கு சரியாக வந்தது. வேறு எந்த ஊரிலும், வேறு எந்த வேலையிலும் ஒரு மனிதன் வருசா வருசம் மெதுவாகிக்கொண்டே போனால் யாராவது ஒருவர், உனக்கு என்ன செய்கிறது என்று கேட்டிருப்பார். மூட்டை தூக்குகிறவன் என்றால் மேஸ்திரியே கேட்டிருப்பான். இங்கே வேட்டி கொடுத்திருக்கிறார்கள்.

மாமாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் தண்ணீர் பார்த்தேன் என்பார்.

மூன்றாவது தடவை போனபோது மாமாவுக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்த ரோஜாவிடம், மாமா ஓட மாட்டார், ஆனால் மேடு ஏறுவார், பாதியில் நிற்பார் என்று மட்டும் சொன்னேன். அவள் உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். டாக்டர் வந்து மிசினின் முன்பக்கத்தைக் காட்டினார்.

"சங்கிலிமுத்து, இன்னிக்கு ஓட வேணாம். வேகத்தக் கூட்டவே மாட்டோம். நீங்க உங்க நிதானத்துலயே நடங்க. முன்பக்கம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா உயரும். மேடு மாதிரி. அப்படிச் செய்யறதும் உண்டு, நான்தான் முதல்லயே செஞ்சிருக்கணும்."

மாமாவின் முகம் மாறியது. ஓடச் சொன்னபோது மாறாத முகம்.

"மேடா?"

"ஆமா."

"எம்புட்டு மேடு?"

"நீங்க போதும்னு சொல்ற வரைக்கும்."

மாமா அத்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்மேல் பார்வை கொஞ்சம் நின்றது. பிறகு ஏறிக்கொண்டார்.

முதலில் தட்டையாகப் போனது. முன்பக்கம் லேசாக உயர்ந்தது. மாமா அதே நடைதான், தூக்கி, பதித்து. மறுபடி உயர்ந்தது. திரையில் கோடுகள் நெருங்கி வந்தன. எனக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதுவும் ஒழுங்கு மாறும்போது கண்ணுக்குப் பட்டுவிடும். பிரஸ்ஸில் ராத்திரி முழுக்க நான் பார்க்கிற வேலை அதுதான்.

எதிர்ச் சுவரில் சிவகாசிக் காலண்டர் ஒன்று தொங்கியது, முருகன் படம். மாமா கழுத்தை நீட்டி அதைப் பார்த்தார்.

"மாப்ள, அது எந்த பிரஸ்ஸுல அடிச்சது? ஒங்களதா?" கேட்டபடியே நடையை நிறுத்தப் பார்த்தார். பெல்ட் விடவில்லை.

"நடந்துக்கிட்டே பாருங்கண்ணே," என்றாள் ரோஜா.

"கலரு நல்லா விளுந்திருக்கு."

"நடங்க."

மிசின் இன்னும் உயர்ந்தது. இப்போது அது எங்கள் கண்மாய்க்கரை அளவு மேடு. கரையாவது ஏறினால் முடிந்துவிடும். இது முடியாத கரை. மாமா பேசவில்லை. நெற்றி வேர்த்தது. இடதுகைப் பிடி கம்பியில் இறுகியது. ஒழுங்காக இருந்த கோடு ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு கீழே தொய்ந்து வர ஆரம்பித்தது. டாக்டர் ரோஜாவைப் பார்த்தார். அவள் கை ஏற்கெனவே பொத்தான்மேல் இருந்தது.

"சங்கிலிமுத்து, இப்ப எப்படி இருக்கு?"

மாமா காலண்டரையே பார்த்தார்.

"மறைக்காதீங்க. எப்படி இருக்கு?"

"இதான்," என்றார் மாமா.

"எது?"

"இதான் சார் அது. கண்மாக்கரைல வாரது."

பெல்ட் நின்றது. ரோஜா அவரைக் கட்டிலில் படுக்கவைத்து நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தாள். அத்தை ஓடவில்லை. நடந்துதான் வந்தாள், ஆனால் அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருக்கன்குடியில் பொத்துப்போன தோல் உள்ளங்காலில் இன்னும் உரிந்துகொண்டிருந்தது.

வலி இறங்கியதும் டாக்டர் கேட்டார். "எத்தனை காலமா இது வருது?"

"வேனு வந்த வருசத்துலேருந்து. இல்ல, அதுக்கும் கொஞ்சம் முந்தி. நடந்து போறப்ப வந்துச்சு. வேனு வரவும் வாரது நின்னுபோச்சு. சரி, நல்லாயிட்டோம்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"மேடு ஏறுனா வரும். நின்னா போயிரும். சரி, நிப்போம்னு நின்னேன். அப்புறம் வெரசா நடந்தாலும் வந்துச்சு. சரி, மெதுவா நடப்போம்னு நடந்தேன். மெதுவா நடந்தா வராது சார்."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என்னத்தச் சொல்ல? எல்லாரும் நல்லா நடக்கேன்னு சொன்னாக. நானும் நல்லா நடக்கேன்னுதான் நெனச்சேன்."

பொய் சொல்கிறாரா என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பாதி பொய், பாதி நிஜம். மருந்து ரூமை விட்டுப் போக மனமில்லாமல் மறைத்தது பாதி. மீதிப் பாதியை அவர் உண்மையிலேயே நம்பியிருந்தார்.

அத்தை மட்டும் கேட்டாள். "அப்ப இருக்கன்குடில வேண்டுதல் இல்லையா?"

"ஓடுனா வந்திருமேன்னு நடந்தேன்."

"ஊரே கும்பிட்டுச்சே ஒங்கள."

"வேணாம்னா சொன்னேன்?"

மதுரையில் கையின் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. அதை விரித்து உள்ளே சின்ன வலைக் கம்பி ஒன்றை வைத்தார்கள். இனிமேல் தினமும் நடக்க வேண்டும், மேடும் ஏற வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தையும் கூட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மருந்து கலக்கும் வேலை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அதைக் காளிராஜிடம் சொன்னது நான்தான். போனில் சொன்னேன்.

"அப்ப நான் புதுப்பிள்ளைகளுக்குக் காட்டுனதெல்லாம்?" என்றார்.

போனை வைத்துவிட்டார்.

தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்துத் திறந்த வாரம் காளிராஜே வீட்டுக்கு வந்தார். மாமாவைக் கம்பெனி கேட் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கேட்டில் நின்று உள்ளே போகிறவர்களின் பையிலும் மடியிலும் தீப்பெட்டி, பீடி, செல்போன் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. மாமா சட்டையை மாட்டினார். அவருக்கு அது இறக்கம்தான். ஆனால் முகத்தில் காட்டவில்லை.

"டீ குடிச்சுக்கிட்டே பேசுவோம், வா," என்றார் மாமா.

மூன்று பேரும் கிளம்பினோம். மாமா இப்போது காலையிலும் சாயந்திரமும் கண்மாய்க்கரையில் நடக்கிறார். வேன் போகும்போது உள்ளே இருந்து பெண்கள் கேலி செய்வார்கள். "சித்தப்பா, பஸ்ஸ விட்டுட்டீகளா?" என்பாள் பாண்டிச்செல்வி. முனியராஜ் கையைக் காட்டுவான். யாரும் இறங்கி நடந்ததில்லை. நடை இன்னும் அதே நடைதான், உரசாமல் தூக்கி வைக்கிற நடை. அது இனி மாறாது. ஆனால் வேகம் கூடியிருந்தது. உள்ளங்காலைத் தூக்கிப் பதித்தே வேகமாக நடக்க முடியும் என்று அவருக்கும் இப்போதுதான் தெரிந்தது போல.

கரையில் ஏறினோம். மாமா முன்னால், அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் காளிராஜ். கேட் வேலையின் பெருமையைப் பற்றிக் காளிராஜ் பேசிக்கொண்டே வந்தார். கம்பெனியே ஒங்கையிலதான் இருக்கும் சங்கிலி, ஒரு தீக்குச்சி உள்ள போனாலும்... அங்கே பேச்சு நின்றது.

நான் திரும்பிப் பார்த்தேன். காளிராஜ் மேட்டின் பாதியில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். முகம் கண்மாய்ப் பக்கம் திரும்பியிருந்தது.

மேலே போய்விட்ட மாமாவும் திரும்பினார். இறங்கி வந்து காளிராஜ் பக்கத்தில் நின்றார்.

"என்ன பாக்க?"

"தண்ணி வந்திருக்கான்னு பாக்கேன். ஐப்பசி மழை பேஞ்சிச்சுல்லா."

மாமாவும் கண்மாயைப் பார்த்தார். கருவேலங்காட்டுக்கு நடுவே ஓரிடத்தில் கொஞ்சம் செம்மண் தண்ணீர் உண்மையாகவே தேங்கியிருந்தது. காளிராஜ் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பக்கம் இல்லை.

"எப்பலேருந்து தண்ணி பாக்க?" என்று கேட்டார் மாமா.

காளிராஜ் அவரைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாமா அவர் தோளைப் பிடித்துக் கரையிலேயே உட்காரவைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"மாப்ள, அந்த ரோஜாப் பொண்ணுக்குப் போனப் போடு. மேடு மிசினு நாளைக்கு சும்மா இருக்கான்னு கேளு."